ரம்பை இலையை மேய்ந்த ஆடு நான்தான்

இராஜபாளையம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அஸ்ஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அனஸும் பேத்தி ரமீஜாவும் சுகம்தான் என்று நேற்றுப் போனிலேயே கேட்டுக்கொண்டேன், இருந்தாலும் காகிதத்தில் ஒரு தடவை விசாரிக்காமல் ஆரம்பித்தால் எனக்குக் கடிதம் எழுதுகிற மாதிரியே இல்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடும் பிஸ்கட் டப்பாவுக்குள் இந்தக் கடிதம் இருக்கும், பிஸ்கட்டைப் பார்த்ததும் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதே. போனில் சொல்லக்கூடாதா அத்தா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்பாய், ரமீஜா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், நான் சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். இது அப்படிச் சொல்கிற சங்கதி இல்லை. எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் பேனா கோணல்மாணலாக ஓடுகிறது, பொறுத்துக்கொள். நேற்று அம்மா குரல் கம்மியிருக்கிறதே என்று கேட்டாயே, சளி என்றாளே, அது பொய். ஏன் பொய் சொன்னாள் என்பதும் இதில் வருகிறது.

உன் அம்மா கடைக்குள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. நீ காலேஜ் இரண்டாம் வருஷம் படித்தபோது, கல்லாவில் உட்கார்ந்திருந்தவள், அன்னாசி கேக் ட்ரே வெளியே வந்த கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது உனக்கு மறந்திருக்காது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், தலைக்குள் ஒன்றும் இல்லை, ஒற்றைத் தலைவலிதான், எசன்ஸ் வாசம் அதைக் கிளப்பிவிடுகிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு சரி. நாம் பேக்கரி ஆரம்பித்தபோது முதல் பன்னுக்கு மாவு பிசைந்தவள், மில் ஷிப்டு விடுகிற நேரத்தில் எத்தனை ட்ரே வெளியே இருக்கவேண்டும் என்று வாசலைப் பார்த்தே சொல்கிறவள், அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போய் வந்தேன். சாயங்காலம் கொல்லைக் குழாயடியில் சோப்பும் மாற்றுக் கைலியும் எடுத்து வைத்திருப்பாள், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் நுழைவேன். கழற்றிப் போட்ட சட்டையைக் குச்சியால் எடுத்து வாளியில் போடுவாள். இது எங்களுக்குப் பழகிப்போய், இப்படித்தான் எல்லா வீட்டிலும் இருக்கும் என்பது போல ஆகிவிட்டது.

மார்ச் மாதம் கடைக்குப் பெயிண்ட் அடித்தோம். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள், “ஏங்க, கடைக்குப் பெயிண்ட் அடிச்சியளாமே, பக்கத்து வீட்டுல சொன்னாவ, என்ன கலரு?” என்று. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இரண்டே தெருதான் அஸ்ஃபியா. அவள் கேட்டதில் குறை ஒன்றும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளிர்மஞ்சள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் மொட்டை மாடியில் நின்றேன். டாக்டர் வாசத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார், நான் என்ன செய்தேன், உன் அம்மாவைத் தள்ளி வைத்தேன், பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். எசன்ஸ் இல்லாமல் பேக்கரி நடத்த முடியுமா முடியாதா என்று ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் முயற்சி பண்ணிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாளே மாஸ்டர் பாண்டிதுரையிடம் சொன்னேன், வெண்ணிலா, அன்னாசி, ரோஸ், மாம்பழம், ஒரு பாட்டிலும் இனிமேல் வேண்டாம், கடவுள் கொடுத்த பொருளில் இருந்தே வாசம் எடுப்போம், அக்காவுக்குத் தெரியவேண்டாம், முடியாமல் போனால் அவள் மனது கஷ்டப்படும் என்று. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “மொதலாளி, எசன்ஸ் இல்லாட்டி அத கேக்குன்னு எவன் நம்புவான், புட்டுன்னுல்ல நெனைப்பான்” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் செய்து காட்டுகிறேன் பார் என்று வீறாப்பாக இறங்கியதில்தான் முதல் கூத்து நடந்தது. சிரிக்காமல் படி. ரோஸ் கேக்குக்கு என்ன பண்ணலாம் என்று யோசித்தபோது என் சட்டைப்பையிலேயே ரோஜா அத்தர் இருந்தது, ஜும்ஆவுக்குப் போட்டுக்கொண்டு போவது. சுத்தமான பூவில் எடுத்தது, சாராயம் கலக்காதது, இதைவிட ஹலாலான வாசம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு சொட்டு மாவில் விட்டுவிட்டேன். பூசுகிற பொருளைத் தின்னக்கூடாது என்கிற அறிவு அறுபது வயதில் எனக்கு வராமல் போனது. கேக் வெந்து வரும்போதே கடை முழுக்க ஒரு மாதிரி வாசம். பாண்டிதுரை மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கு அது எங்கேயோ பழகிய வாசமாக இருக்கிறதே என்று நினைத்தேன், செத்த நேரம் கழித்துத்தான் பிடிபட்டது, சாவு வீட்டில் மையத்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றும்போது வருகிற வாசம். யாசீன் ஓதாததுதான் பாக்கி. அப்படியே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. ரோஸ் கேக்கே வேண்டாம் என்று அன்றைக்கு விட்டதுதான்.

அடுத்தது அன்னாசி. பச்சைப் பழத்தை அரைத்து க்ரீமில் கலந்து வைத்தால் காலையில் தண்ணீராக ஓடுகிறது, வாயில் வைத்தால் கசப்பு. மூன்று தடவை கொட்டினேன். பிறகுதான் பழத்தைச் சீனி போட்டு அடுப்பில் சுண்டக் காய்ச்சினேன், அப்போது க்ரீம் கெடவில்லை, ஆனால் வாசம் போதவில்லை. தோலை வெட்டிக் குப்பைக்குப் போட்டுக்கொண்டிருந்த பாண்டிதுரை திடீரென்று நிமிர்ந்து, “மொதலாளி, மணமெல்லாம் இந்தக் குப்பையிலதான இருக்கு” என்றான். அடடா, அவன் வாயில் சர்க்கரை போடவேண்டும். தோலை நன்றாகக் கழுவி, ஒரு கிராம்பு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பழத்தைச் சுண்டவைத்தோம், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாம்பழத்துக்குக் கவலையே இல்லை, நம் ஊர்ச் சப்பட்டை இருக்கும்போது பாட்டில் எதற்கு, இத்தனை வருஷம் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மாம்பழ எசன்ஸ் வாங்கியிருக்கிறேன், என்னைச் சொல்லவேண்டும். தேங்காய் பிஸ்கட்டுக்கு வத்திராயிருப்புத் தேங்காயைத் துருவி இளஞ்சிவப்பாக வறுத்துப் போட்டால் போதும். வெண்ணிலாவுக்குப் பதிலாகத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நிஜ வெண்ணிலாக் காய் நம் டீ கேக்குக்குக் கட்டுபடியாகாது. அப்போது நம் கொல்லையில் அம்மா பிரியாணிக்காக வளர்க்கிற ரம்பை ஞாபகம் வந்தது. நாலு இலையைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்து அந்தப் பாலை மாவில் ஊற்றினால், வெண்ணிலாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு மணம் வந்தது. ஆனால் தினமும் இலை வேண்டுமே, விடிகாலையில் சுபுஹு தொழுகைக்குக் கிளம்பும்போதே கத்தரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவேன். யாரோ வீட்டு ஆடு சுவர் ஏறிக் குதித்து ரம்பையை மேய்ந்துவிட்டுப் போகிறது என்று அம்மா உன்னிடம் போனில் புலம்பினாளே, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாளே, அந்த ஆடு நான்தான் தாயீ. நீயும் சேர்ந்துகொண்டு வேலி கட்டச் சொல்லி யோசனை கொடுத்தாய். வேலியையும் நான்தான் கட்டினேன்.

ரம்பை மட்டும் போட்டால் கேக்கில் சோற்று வாசம் தூக்கலாக நின்றது, இன்னும் ஏதோ குறைந்தது. மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், திரும்பும்போது பால்கோவா வாங்கலாம் என்று சீனியம்மாள் பட்டறைக்குப் போனேன், நமக்கு வெண்ணெய் கொடுக்கிறவர். கோவாவை வழித்து எடுத்துவிட்டுச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சிவந்த பாலும் சீனியும் சேர்ந்த அந்த மணம்தான் நான் இரண்டு மாதமாகத் தேடியது. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “என்ன செய்யுதது பாய், வீட்டுப் புள்ளைக திங்கும், மிச்சம் தண்ணி ஊத்திக் கழுவுவோம்” என்றார். கழுவாதீர்கள், எனக்குக் கொடுங்கள் என்று டிபன் பாக்ஸை நீட்டினேன். கோவா வாங்க வந்தவன் காந்தலைக் கேட்கிறானே என்று அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், “வீட்டுல எல்லாம் நல்லாருக்காவளா பாய்?” என்று வேறு விசாரித்தார். பஸ்ஸில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், இராஜபாளையம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. காந்தலைச் சூடான ரம்பைப் பாலில் கரைத்து மாவில் ஊற்றி வேகவைத்தோம். பாண்டிதுரை ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டான், இன்னொரு துண்டு போட்டான், மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது நான் ட்ரேயை எடுத்துவிட்டேன். இப்போது வாரம் இரண்டு தடவை சீனியம்மாள் பட்டறையில் இருந்து காந்தல் பஸ்ஸில் வருகிறது.

இவ்வளவு செய்தும் சாயங்காலம் என் சட்டையைக் குச்சியால்தான் அம்மா எடுத்தாள். எங்கே இருந்து வாசம் வருகிறது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் கடையில் ஒவ்வொரு டப்பாவாக மோந்து பார்த்தோம். கடைசியில் மாட்டியது தேங்காய் பன்னுக்குள் வைக்கிற டூட்டி ஃப்ரூட்டி. பாக்கெட்டில் வருகிற க்ரீமிலும் கலந்திருந்தது, பிஸ்கட்டுக்குப் போடுகிற மார்ஜரினிலும் வெண்ணெய் எசன்ஸ். எல்லாவற்றையும் ஒழித்தோம். டூட்டி ஃப்ரூட்டிக்குப் பதில் பப்பாளிக் காயையும் பீட்ரூட்டையும் சீனிப் பாகில் போட்டு நாங்களே செய்தோம். மரத்தட்டுகளைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்து நாலு நாள் வெயிலில் காயப்போட்டோம். வியாபாரம் முதலில் படுத்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. மில்லில் வேலை பார்க்கிற பிள்ளைகள் டீ கேக்கை மோந்து பார்த்து, “என்ன பாய், நேத்து கேக்கா?” என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு சும்மா கொடுத்தேன். மூன்றாவது வாரம் அதே பிள்ளைகள் வந்து, அந்தப் பால்கோவா கேக்கு இருக்கா என்று கேட்கிறார்கள்.

அப்புறம் ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, குழாயடியில் நனையவேண்டாம் என்று வராந்தாவில் ஒதுங்கி நின்றேன். அம்மா துண்டோடு வந்தவள் என் பக்கத்திலேயே வந்து நின்று, “என்ன, இன்னைக்குக் கடைக்கு லீவு விட்டுட்டு ஊரு சுத்தப் போனியளா?” என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். “ஒண்ணும் வாசம் இல்லியே” என்றாள். அன்றைக்கு நான் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றிருந்தேன் அஸ்ஃபியா! அப்போதே சொல்லியிருக்கலாம், ஆசையை அடக்கிக்கொண்டேன், கடைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும் என்று இருந்தது. இந்தத் திங்கட்கிழமை நாள் குறித்தேன். பெயிண்டைப் பார்க்க வா, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று, எசன்ஸ் ஒழிந்ததைச் சொல்லாமல் அழைத்தேன். நீலச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள், ஆறு வருஷம் கழித்து அந்தத் தெருவில் என்னோடு நடந்து வந்தாள். படியில் ஒரு கால் வைத்தாள், அவ்வளவுதான், நெற்றியில் கை போனது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினாள், முடியவில்லை, திரும்பி விறுவிறு என்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் குரலைத்தான் நீ போனில் கேட்டாய், உன்னைக் கவலைப்படுத்தவேண்டாம் என்றுதான் சளி என்றாள்.

விசாரித்தால், அன்றைக்குக் காலையில் யாரோ ஒரு அம்மா தன் பிள்ளை பிறந்த நாளுக்கு அன்னாசி கேக் கேட்டிருக்கிறார், பழைய மாதிரி கமகம என்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றிருக்கிறார். பாண்டிதுரை எங்கோ ஒளித்து வைத்திருந்த பாட்டிலில் இருந்து ஒரே ஒரு மூடி ஊற்றிவிட்டான், ஆர்டர் போய்விடக்கூடாதே என்கிற நல்ல எண்ணத்தில்தான். நான் அவனைத் திட்டிய திட்டு உனக்கு எழுதக்கூடியது இல்லை. கடையை விட்டு இறங்கு என்றுகூடச் சொல்லிவிட்டேன், அவன் போகவில்லை. பிறகு நானும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அத்தா அழுதார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே. அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்று எத்தனை தடவை கேட்டாலும் அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் பாண்டிதுரை வீட்டுக்குப் போயிருக்கிறான், எனக்குத் தெரியாது. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றிருக்கிறான், “சட்டையில வாசம் இருக்கும்க்கா, நான் இங்கனயே நிக்கேன்” என்று. தப்பு எம்மேலதான், மொதலாளி மேல ஒண்ணும் இல்ல என்று ஆரம்பித்து, அத்தர் கேக், அன்னாசித் தோல், பஸ்ஸில் வந்த காந்தல், ஆடு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். அம்மா என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்றைக்குச் சுபுஹுக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், என் பையில் ரம்பை இலை கழுவி, நூல் சுற்றி, கட்டாக இருக்கிறது. பத்து மணி இருக்கும், நான் ஓவனுக்கு முன்னால் குனிந்திருக்கிறேன், முன்பக்கம் இருந்து ஒரு சத்தம், “ஏலே பாண்டி, கண்ணாடியத் தொடச்சு எம்புட்டு நாளு ஆச்சு, இதுல வச்சா எவன் வாங்குவான்?” என்று. கையில் இருந்த ட்ரே நல்லவேளை விழவில்லை. தானாக வந்து உள்ளே நிற்கிறாள். ஒவ்வொரு தட்டாக மோந்து பார்த்தாள், நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நெற்றிக்குப் போகிறதா என்று. போகவில்லை. காந்தல் கேக்கில் ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். “சீனி கூடிப்போச்சு” என்றாள். கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாண்டிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டான், புகை என்றான், நம் ஓவன் கரண்ட் ஓவன்.

டப்பாவில் தேங்காய் பிஸ்கட்டும் காந்தல் கேக்கும் இருக்கிறது, கேக்கை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். ரமீஜாவுக்கு நீ வீட்டில் கேக் செய்யும்போது பாட்டிலைத் தொடாதே, ஆரஞ்சுத் தோலை மேலாகச் சீவிச் சீனியோடு கசக்கிப் போடு, வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும். அங்கே மலையாளத்தார் கடையில் ரம்பை கிடைக்கும் என்றார்கள், கேட்டுப்பார். வெயில் நேரத்தில் வெளியே போகாதே, தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்.

லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன், “நீங்க வீட்டுக்குப் போயிச் சாப்புட்டுச் செத்த நேரம் படுங்க, கடைய நான் பாத்துக்கிடுதேன்” என்று என்னை அனுப்பிவிட்டாள். அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றை நானே போட்டுத் தின்றுவிட்டு, அடுப்படியில் அவள் உட்காருகிற பலகையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மூன்று மணி ஆகிறது. ஒரு சத்தம் இல்லை, குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது, பேச ஆள் இல்லாமல் இரண்டு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். பகலில் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் அஸ்ஃபியா.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் கொடுப்பானாக. சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போடாதே, ஷிப்டு விடுகிற நேரம், எடுக்கமாட்டாள், கடையில் இருப்பாள்.

துஆவுடன்,
உன் அத்தா
ஜெய்னுலாப்தீன்